ரிப்போர்ட் காட்டமாட்டேன் என்ற தாய்: படுவான்கரையில் ஒரு குடும்பம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது ஒரே குடும்பத்துக்கு நடந்ததை அப்படியே எடுத்து வைத்தது இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் சில குடும்பங்களோடு அலைந்ததில் கண்டதைச் சேர்த்து, வயது, தொழில், நாள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரு குடும்பமாக ஆக்கியிருக்கிறேன். இலங்கையில் வயது வந்தவர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் எச்.ஐ.வி. இருக்கிறது. இவ்வளவு சிறிய தொகையில், எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைப் போட்டு "புருசன் செத்த பொம்பிள, ரெண்டு புள்ள" என்று எழுதினால் போதும், வாசிக்கிறவர் அடுத்த நிமிடமே யாரோ ஒருத்தியின் வீட்டைக் காட்டிவிடுவார். அவர் காட்டுவது பிழையான வீடாகவும் இருக்கும், அந்த வீட்டுக்காரியின் நிம்மதியும் அன்றோடு போய்விடும். ஆகவே பெயர் கிடையாது. படுவான்கரை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வாவிக்கு மேற்கே, வயலும் குளமுமான பக்கம். பிள்ளைகளை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே மூத்தவன், சின்னவள் என்கிறேன். எனக்கு வேலை பிள்ளைகளோடும் அவர்களுடைய குடும்பங்களோடும். ஊரில் "மிஸ்" என்று கூப்பிடுவார்கள்.

குடும்பம்

தகப்பன் மேசன். வருசத்தில் பாதி ஊரில் இருக்கமாட்டார், வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்விடுவார். தாய்க்கு நான் பார்க்கும்போது 28 வயது. மூத்தவனுக்கும் சின்னவளுக்கும் இடையில் நாலரை வருசம். சின்னவள் வயிற்றில் இருக்கும்போது கிளினிக்கில் தாய்க்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்துப் பார்ப்பது இங்கே வழமை. ஒன்றும் இல்லை என்று வந்தது. அது பிழையான முடிவில்லை, அன்றைக்கு உண்மையாகவே ஒன்றும் இருக்கவில்லை. தாய்க்குத் தொற்றியது பிள்ளை பிறந்த பிறகு, தகப்பன் வந்து நின்ற மாதங்களில். அங்கிருந்து தாய்ப்பாலில் சின்னவளுக்குப் போயிருக்கிறது என்றுதான் டொக்டர்மார் கணித்தார்கள். புதிதாகத் தொற்றிய கிழமைகளில் உடம்பில் வைரசின் அளவு உச்சத்தில் நிற்கும், பாலில் கடப்பதற்கு அந்த நேரம்தான் மிக மோசமான நேரம்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. பெரிய சாதனை, ஊர் ஊராக அலைந்த குடும்பநல மருத்துவ மாதுமாருக்குத்தான் அந்தப் பெருமையில் பாதி சேரவேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழுக்கான அளவுகோல் பூச்சியம் கிடையாது. 1 இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 50க்கு மேற்படாத பிள்ளைகளுக்கே புதிதாகத் தொற்றியிருக்கவேண்டும் என்பது அளவுகோலில் ஒன்று. இது தெரியாமல், விசயம் அறிந்தவர் என்று எல்லோரும் நினைக்கிற ஒருவரே, "இலங்கையில இப்ப புள்ளைகளுக்கு வாறதில்லையே, அப்ப இந்தப் புள்ளைக்கு எப்படி வந்த?" என்று அந்தத் தாயின் முகத்துக்கு நேரே கேட்டார். கேள்வி பிள்ளையைப் பற்றித்தான் கேட்கப்பட்டது, போய்க் குத்தியது தாயின் ஒழுக்கத்தில்.

தகப்பனுக்கு முதலில் வந்தது இருமல். இரண்டு மாதம் கடையில் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு, எலும்பும் தோலுமான பிறகுதான் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். காசநோய். காசநோய்க்காரருக்கு எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள், அதில்தான் தெரிந்தது. நேரத்தோடு தெரிந்திருந்தால் அந்த மனிசன் இன்றைக்கும் சாந்து குழைத்துக்கொண்டு இருந்திருப்பார். 2004ஆம் ஆண்டின் இறுதியில் இருந்து இந்த நாட்டில் மருந்து இலவசம். ஐந்தாறு கிழமையில் போய்விட்டார்.

பிறகு தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பார்த்தார்கள். தாய்க்கு இருந்தது. மூத்தவனுக்கு இல்லை. சின்னவளுக்கு அப்போது 14 மாதம். 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குச் சாதாரண பரிசோதனை சரிவராது, ஏனென்றால் தாயின் எதிர்ப்பணுக்கள் பிள்ளையின் இரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கலாம், வைரசையே நேராகத் தேடுகிற பி.சி.ஆர். பரிசோதனைதான் செய்யவேண்டும். முடிவு வரும்வரை பாலை நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளை இரவிரவாக அழும், தாய் மார்பை இறுக்கித் துணியால் கட்டிக்கொண்டு, அம்மம்மாவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் இருப்பாளாம். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், ஏன் திடீரென்று பால் மறக்கடிக்கிறாய் என்று. அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். கேட்டவர்கள் நம்பவில்லை.

முடிவு வந்தது, இருக்கிறது என்று.

செய்தி போன வழி

நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டது இதைத்தான்: ஊருக்குச் செய்தி தானாகப் பரவியது என்று ஒருநாளும் எழுதக்கூடாது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு போனால் வழி தெரியும். இந்தக் குடும்பத்தில் நான் தேடிப்போனபோது நாலு படி தெரிந்தது.

முதலாவது, தகப்பன் கடைசியாகக் கிடந்த வார்ட். மற்றக் கட்டில்களுக்குப் போகும்போது ஒரு கையுறை, இவருடைய கட்டிலுக்கு வரும்போது இரண்டு கையுறை. சாப்பாட்டுத் தட்டத்தைக் காலால் தள்ளிவிட்டதை மனைவி கண்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்களும் கண்டிருக்கிறார்கள். யாரும் வாய் திறந்து நோயின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை.

இரண்டாவது, உடல். பொலித்தீனில் சுற்றி, பெட்டியை மூடி, திறக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊர்களில் பிரேதத்தைக் குளிப்பாட்டாமல், வாய்க்கரிசி போடாமல், பெண்கள் கட்டிப்பிடித்து அழாமல் ஒரு சாவு எடுப்பதென்றால் அது ஏழு தலைமுறைக்குப் பேசுகிற விசயம். அந்த ஆளுக்கு என்ன வருத்தம் என்ற கேள்வி அன்றைக்கே சவக்காலையில் பிறந்துவிட்டது. எட்டாம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் வெற்றிலை மட்டும் எடுத்தார்கள், சோற்றில் கை வைக்கவில்லை. ஆக்கிய சோறு மூன்று கிடாரம் அப்படியே இருந்தது என்று அம்மம்மா இப்போதும் சொல்லி அழுகிறா.

மூன்றாவது கிணறு. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. தாய் இருந்த வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான், குடி என்கிற குலமும் தாய்வழியில்தான். இதனால் இந்தத் தாய்க்குக் கிடைத்த ஒரு பெரிய பாதுகாப்பு, புருசன் செத்ததும் மாமியார் வீட்டை விட்டு இறக்கிவிட்டார்கள் என்ற நிலைமை வரவில்லை. வீட்டின் உறுதிப் பத்திரம் அவளுடைய பெயரில். ஆனால் அதே வழமையால், சுற்றிவர இருப்பதெல்லாம் அவளுடைய சொந்த இரத்தம். ஒரே வளவுக்குள் பெரியம்மா வீடு, சித்தி வீடு, நடுவில் ஒரு கிணறு. யார் ஒதுக்கினார்கள் என்று கேட்டால் பிறத்தியாரைக் கைகாட்ட வழியில்லை. பெரியம்மா முதலில் தனக்கென்று வேறு வாளி, வேறு கயிறு வாங்கினா. பிறகு இவர்களுடைய வாளியைக் கிணற்றுக்கட்டில் இருந்து எடுத்து வேலியில் தொங்கவிட்டா. பிறகு, இதுதான் விசயம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) போய்க் கிணற்றுக்குக் குளோரின் போடவேண்டும் என்று கேட்டா. அவர் ஏன் என்று கேட்க, பணிமனையில் பத்துப் பேர் நிற்கும்போது காரணத்தைச் சொல்லியிருக்கிறா. அவவுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்று நான் நினைக்கவில்லை. பயந்து போன மனிசி. ஆனால் அன்று பின்னேரத்துக்குள் நாலு ஊருக்குத் தெரிந்துவிட்டது.

நாலாவது, மூத்தவன் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு, அவனுடைய வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழு. யாரோ ஒருவர் 40 செக்கன் குரலில் பேசிப் போட்டார். பெயர் சொல்லவில்லை, ஆனால் "தகப்பன் செத்த, மூண்டாம் வகுப்பு" என்றார். அந்த வகுப்பில் தகப்பன் இல்லாத பிள்ளை ஒன்றுதான்.

சிவப்புப் பொட்டு

முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது தேத்தண்ணி தந்தாள். நான் குசினி வாசலில் இருந்தேன். தட்டில் கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தது, அதில் இரண்டு கோப்பையின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு. கியூடெக்ஸ், நகத்துக்குப் பூசுகிறது. பக்கத்தில் இரண்டு பீங்கான், ஒரு கரண்டி, அவற்றிலும் அதே பொட்டு. பெரியம்மாவின் வேலை என்றுதான் நினைத்தேன், கோபமும் வந்தது.

"இது ஆர் வெச்ச?"

"நான்தான் மிஸ். எனக்கும் சின்னவளுக்கும்."

"கிளினிக்ல சொல்லல்லையா, கோப்பையால வராதெண்டு?"

"சொன்னாங்க. எனக்கும் தெரியும். பெரியம்மா வந்து கண்டாவெண்டா ஒண்டும் பேசமாட்டா. அதுக்குத்தான்."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. மூத்தவன் வாசற்படியில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கோப்பையில் பொட்டு இல்லை. தங்கச்சிக்கு இருக்கிற பொட்டு தனக்கு ஏன் இல்லை என்று அவன் அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறான், தனக்கும் ஒன்று வைக்கச் சொல்லி.

பள்ளிக்கூடம்

முதலில் ரியூசன் மாஸ்டர். "இடம் காணாது, அடுத்த தவணைக்குப் பாப்பம்" என்றார். பிறகு மதிய உணவு. மூத்தவனை வீட்டில் இருந்து பீங்கான் கொண்டுவரச் சொன்னார்கள், மற்றப் பிள்ளைகளுக்குப் பாடசாலையே கொடுத்தது. பிறகு தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் அவனுக்கு முன்னால் போகப் பிடித்துத் தள்ளுப்பட ஆரம்பித்தார்கள், அவன் வாய் வைத்த இடத்தில் யாரும் வைக்க விரும்பவில்லை.

இதெல்லாம் அவன் வீட்டில் சொல்லவில்லை. நான் அவனுடைய கணக்குக் கொப்பியை வாங்கிப் புரட்டினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல எழுத்து, ஒவ்வொரு நாளும் திகதி போட்டுக் கோடு கீறி எழுதியிருக்கிறான். ஒரு பக்கம்வரை சிவப்பு மையில் சரி போட்டு, கீழே கையெழுத்து. அதற்குப் பிறகு 11 பக்கம், கூட்டல், கழித்தல், நேரம் பார்த்தல் எல்லாம் செய்திருக்கிறான், ஒரு சிவப்புக் கோடு கிடையாது. "டீச்சர் என்ட கொப்பிய எடுக்கிறல்ல" என்றான். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை, இன்றைக்கு மழை பெய்யவில்லை என்கிற மாதிரிச் சொன்னான். அப்படியிருந்தும் ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறான்.

குரல்பதிவு போன அடுத்த திங்கட்கிழமை, 31 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு 6 பேர்தான் வந்தார்கள். செவ்வாய் 4 பேர். அதிபர் தாய்க்குக் கோல் எடுத்து, மரியாதையாகத்தான், "ஒரு கிழமைக்கு வீட்ட வெச்சிருங்க, ஊர் கொஞ்சம் அடங்கட்டும். வரக்குள்ள ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்தா எனக்கும் லேசு" என்றார். ஒரு கிழமை இரண்டாகி, தாய் என்னிடம் வரும்போது பிள்ளை வீட்டில் இருந்து 19 நாள்.

நான் சொன்ன பிழையான புத்தி

இதை மறைக்கக்கூடாது. அவளுக்கு நான் முதலில் சொன்னது, "தங்கச்சி, மூத்தவனுக்கு இல்லைதானே. அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டுவம். நாளைக்கே பிரச்சினை முடிஞ்சிரும்." அதிபர் நல்ல மனிசன், பெற்றோரின் வாயை அடைக்க அவருக்கு ஒரு கடதாசி வேண்டும், எங்களிடம் கடதாசி இருக்கிறது, ஏன் கொடுக்கக்கூடாது? எனக்கு அது அவ்வளவு நேராகத் தெரிந்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "நான் காட்டமாட்டன் மிஸ். இவனுக்கு இல்லெண்டு இப்ப காட்டினா, சின்னவள் ஸ்கூலுக்குப் போகக்குள்ள அவளுக்கும் கேப்பாங்க. அப்ப நான் என்னத்தக் காட்டுற?"

20 வருசமாக இந்த வேலை செய்கிற எனக்கு இது தோன்றவில்லை. இல்லாத பிள்ளைக்கு இல்லை என்று நிரூபித்து உள்ளே விடும்போது, இருக்கிற பிள்ளையை வெளியே நிறுத்தலாம் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு வாங்கிக் கொடுக்கிற இடத்துக்குத் தங்கச்சி விலை கொடுக்கவேண்டிவரும்.

2016இல் குளியாப்பிட்டியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளை, தகப்பன் எயிட்சில் செத்தார் என்ற கதை, அந்தப் பிள்ளையைச் சேர்த்ததும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் விட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லை. பரிசோதனை செய்து, இல்லை என்று சொல்லியும் ஊர் கேட்கவில்லை, கடைசியில் கண்டியில் ஒரு பாடசாலைதான் இடம் கொடுத்தது. அன்று நாங்கள் எல்லோரும், நானும்தான், "பாவம், அந்தப் புள்ளைக்கு வருத்தமே இல்லையே, ஏன் இப்படிச் செய்றாங்க" என்றுதான் பேசினோம். வருத்தம் இருந்திருந்தால் செய்தது சரியா என்று யாரும் கேட்கவில்லை. படுவான்கரையில் ஒரு குசினி வாசலில் இருந்துகொண்டுதான் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது.

சட்டம்

இலங்கையில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைதான் கைகொடுக்கிறது: சட்டத்தின் முன் எல்லா ஆட்களும் சமம். பாரபட்சம் காட்டக்கூடாத காரணங்களாக அங்கே இனம், மதம், மொழி, சாதி, பால் என்று வரிசை இருக்கிறது, நோய் அதில் இல்லை, ஆனாலும் எல்லா ஆட்களும் என்ற வசனத்துக்குள் நோயாளியும் அடங்குவார். 2016 ஏப்ரலில் அந்தக் குளியாப்பிட்டி விவகாரத்தில், எச்.ஐ.வி.யைக் காட்டிப் பிள்ளையின் கல்வி உரிமையை மறுக்கமுடியாது என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தரம் 1 அனுமதிக்கோ வேறு வகுப்புக்கோ இரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்க எந்த அதிபருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆனால் இரண்டு சிக்கல். அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம், அரச பாடசாலை அதற்குள் வரும், ரியூசன் மாஸ்டரும் பெரியம்மாவும் வரமாட்டார்கள். அடுத்தது காலம்: ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. எங்களுக்கு 11 நாள் மிச்சம் இருந்தது. முறைப்பாட்டை எழுதி வைத்தேன். தாய் கையெழுத்து வைக்க மறுத்தாள். தன் பெயர் ஒரு பைலில் ஏறினால் அது எத்தனை மேசைக்குப் போகும் என்று கேட்டாள். குளியாப்பிட்டியில் அந்தத் தாயும் பிள்ளையும் நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிப்போனது அவளுக்கும் தெரியும். உரிமையைக் கேட்பதற்கே முதலில் தன்னை வெளியே காட்டவேண்டியிருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் திருத்தவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே கையெழுத்து இல்லாத அந்தக் கடிதத்தையும் திகதிக் கணக்கையும் எடுத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போனேன். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை, எந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்றும் சொல்லவில்லை. இந்தப் பாடசாலையில் ஒரு பிள்ளை இத்தனை நாளாக வீட்டில் நிறுத்தப்பட்டிருக்கிறது, இத்தனையாம் திகதிக்கு ஒரு மாதம் முடிகிறது, அவ்வளவுதான். அடுத்த நாள் காலையே அதிபருக்குக் கோல் போனது.

கூட்டம்

பெற்றோர் கூட்டத்துக்கு எம்.ஓ.எச். டொக்டர், அதாவது எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி, வந்தார். முன்கூட்டியே நாங்கள் பேசி முடிவெடுத்தது, "உங்கட வகுப்புப் புள்ளைக்கு இல்லை" என்ற வார்த்தை எங்கள் யாருடைய வாயிலும் வரக்கூடாது. மண்டபத்தில் 50, 60 பேர், முக்கால்வாசி தாய்மார்.

முதல் கேள்வியே அதுதான்: "அந்தப் புள்ளைக்கு இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க டொக்டர்." அவர் சொன்னார், "உங்கட புள்ளைக்கு இருக்கா இல்லையா எண்டு வேற ஆக்கள் கேட்டா நான் சொல்லமாட்டன். அதே மாதிரித்தான்." சலசலப்பு. பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. நுளம்பு? நுளம்பின் உடம்பில் இந்த வைரஸ் வாழ்ந்து பெருகாது, நுளம்பால் வருமென்றால் டெங்கு வருகிற ஊரெல்லாம் இதுவும் வந்திருக்கும். ஒரு பீங்கானில் சாப்பிட்டால்? ஒரு கக்கூசைப் பாவித்தால்? குளத்தில் குளித்தால்? வராது. சண்டை பிடித்துக் கடித்தால்? எச்சிலால் பரவாது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கடித்துக்கொள்வதை வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி ஆஸ்பத்திரி ஊழியருக்குக் குத்தினால்கூட 1000 பேருக்கு 3 பேர் அளவில்தான் தொற்றும், அதற்கும் உடனே குடிக்க மருந்து இருக்கிறது என்றார். ஒழுங்காக மருந்து குடித்து வைரசின் அளவு கண்டறிய முடியாத மட்டத்துக்கு இறங்கிவிட்டால் கணவன் மனைவிக்கிடையிலேயே தொற்றாது என்றபோது, பின்னால் இருந்த ஒரு அம்மா "உண்மையாவா?" என்று எழும்பியே நின்றுவிட்டா.

பிறகு முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் திறந்து காட்டினார். அரைப் போத்தல் கிருமிநாசினி, கொஞ்சம் பஞ்சு. கையுறை ஒரு சோடியும் இல்லை. எந்தப் பிள்ளையின் முழங்காலில் இரத்தம் வந்தாலும் கையுறை போட்டுத்தான் துடைக்கவேண்டும், மஞ்சட்காமாலை பி வைரஸ் இதைவிட எத்தனையோ மடங்கு லேசாக இரத்தத்தால் தொற்றும், அது யாருக்கு இருக்கிறதென்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது என்று சொன்னார்.

அப்போதுதான் ஒரு தகப்பன் எழும்பினார். மீன் வியாபாரம் செய்கிறவர், சத்தமாகப் பேசுகிறவர். "டொக்டர், நீங்க சொல்றதெல்லாம் சரி. அப்ப ஆஸ்பத்திரியில ஏன் ரெண்டு கையுறை போட்டாங்க? ஏன் தட்டத்தக் காலால தள்ளினாங்க? ஏன் பெட்டியத் திறக்காதீங்கெண்டு சொல்லி விட்டாங்க? படிச்ச ஆக்களே பயப்பிடக்குள்ள நாங்க பயப்பிடக் கூடாதா?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. டொக்டர் உடனே பதில் சொல்லவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை மூடிவிட்டு, "அது பிழை. அப்படிச் செய்யத் தேவையில்ல. சுகாதாரப் பக்கத்தில இருக்கிற எங்கட பிழை அது" என்றார். அன்றைக்கு அவர் பேசின ஒன்றரை மணித்தியாலத்தில் ஊர் நம்பியது அந்த வசனத்தை என்றுதான் நான் நினைக்கிறேன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். நாங்கள் ஊருக்கு அறிவு இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று திட்டம் எழுதுகிறோம், துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம். இந்த ஊருக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தது வெள்ளைச் சட்டை போட்டவர்களின் கை, அந்தக் கையைப் பார்த்துத்தான் பெரியம்மா வாளியை வேலியில் தொங்கவிட்டா.

பிறகு

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மூத்தவன் அடுத்த புதன்கிழமை பாடசாலைக்குப் போனான், நானும் கூடப் போனேன். அந்தக் கிழமை முடிவில் வகுப்பில் 23 பேர். 5 பேர் விலகி வேறு பாடசாலைக்குப் போய்விட்டார்கள், ஒட்டோ பிடித்து ஆறு கிலோமீற்றர் போய்ப் படிக்கிறார்கள். மற்றவர்கள் மெதுவாக வந்தார்கள். மீன் வியாபாரியின் மகன் முதல் நாளே வந்தான். டீச்சர் கொப்பியை எடுக்கிறா, ஆனால் அந்த 11 பக்கத்தையும் திருத்தவில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடங்கினா. மட்டையும் பந்துமாகப் பிள்ளைகள் விளையாடுகிற எல்லேக்கு அவன் இன்னும் போவதில்லை. ரியூசன் மாஸ்டரிடம் நாங்கள் திரும்பப் போகவில்லை.

பெரியம்மா வாளியை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்தா, ஒன்றும் பேசாமல், ஒரு விடியற்காலையில். வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக்குப் புக்கை பொங்கியபோது ஒரு சட்டி கொண்டுவந்து கொடுத்தா. இவர்கள் கொடுத்ததை வாங்கினா, சாப்பிட்டாவா என்று தெரியாது.

சின்னவளுக்கு இப்போது ஐந்து வயது முடிகிறது. காலையில் தண்ணீரில் கரைகிற குளிசை, ஒரு கரண்டி. மருந்துப் போத்தலின் லேபலைத் தாய் சுரண்டி எடுத்துவிடுவாள், ஊரில் இழுப்புக்குக் குடிக்கிற மருந்து என்று சொல்லியிருக்கிறாள். கிட்டே இருக்கிற கிளினிக்குக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறித் தூரத்துக்குப் போகிறாள், தெரிந்த முகம் எதிரே வரக்கூடாது என்று. போக்குவரத்துக்கே ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மருந்து இலவசம் என்று நாங்கள் சொல்வதில் இந்தக் கணக்கு வராது. தாய்க்கும் மகளுக்கும் வைரசின் அளவு கண்டறிய முடியாத மட்டத்தில் இருக்கிறது, இரண்டு பேரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள்.

"அண்ணனுக்கு ஏன் மருந்தில்ல?" என்று சின்னவள் கேட்கத் தொடங்கிவிட்டாள். ஆறு வயதில் இருந்து பன்னிரண்டு வயதுக்குள், பிள்ளைக்கு விளங்குகிற அளவில் படிப்படியாகச் சொல்லவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. இப்போதைக்கு, "உன்ட உடம்புக்குள்ள ஒரு பூச்சி நித்திரை கொள்ளுது, மருந்து குடிச்சா அது எழும்பாது" என்பதோடு நிற்கிறது. இரவில் சத்தம் போட்டால் பூச்சி எழும்புமா என்று கேட்டாளாம்.

தரம் 1 நேர்முகத்துக்கு வரச்சொன்ன திகதி கிளினிக் திகதியோடு மோதியது. கிளினிக்கில் சொல்லி நாளை மாற்றிக்கொண்டோம். அதே பாடசாலைக்குத்தான் போட்டாள், அண்ணன் படிக்கிற இடத்துக்கு. நான் கேற்றுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன், உள்ளே வரவேண்டாம் என்று அவளே சொன்னாள், மிஸ் வந்தால் ஏன் வந்தது என்று கேட்பார்கள் என்று. முக்கால் மணித்தியாலம். பைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள், சின்னவள் ஒரு கையில் தொங்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"பிறப்புப் பத்திரமும், வாக்காளர் இடாப்பும்."

"வேற?"

"பேர் எழுதத் தெரியுமாண்டு இவளக் கேட்டாங்க. எழுதிக் காட்டினாள். வேறொண்டும் கேக்கல்ல மிஸ்."